பயந்தாங்கொள்ளி ரிஜிஸ்தர்

அவரைப் போலப் பயப்படுகிற மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேசையில் பல்லி விழுந்தால் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுவிடுவார். சந்தை நாளில் மாடுகள் ஆபீஸ் வாசலைக் கடந்து முடிகிறவரை வெளியே கால் வைக்கமாட்டார். யாராவது பின்னாலிருந்து சற்று உரக்கக் கூப்பிட்டால் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். ஊரில் அவருக்குப் 'பயந்தாங்கொள்ளி ரிஜிஸ்தர்' என்று பெயர். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மேட்டூரில் அணை கட்டி முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் பஸ் நிற்கிற எங்கள் ஊரில் ஒரு பத்திரப் பதிவுக் கச்சேரி இருந்தது. அதற்கு சப் ரிஜிஸ்திராராக வந்தவர் அவர். கச்சேரிக் காம்பவுண்டுக்குள் ஒரு கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் எங்கள் 'வாரனுங்க, போறனுங்க' அவர் வாயில் வராது. குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுக் கடைவீதியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்.

பத்திரம் பதியும்போது, எழுதிக் கொடுப்பவரிடம் ரிஜிஸ்திரார் ஒரு கேள்வி கேட்கவேண்டும். சம்மதித்துத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று. அவருக்கு முன் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். தலையை நிமிர்த்தாமல், முத்திரை குத்திக்கொண்டே கேட்பார்கள். எதிரே நிற்பவரும் ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டுவார். நானும் எல்லாப் பத்திரத்திலும் 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, முழு மனச்சம்மதத்தோடு' என்று எழுதுவேன். அந்த வரி வரும்போது கை தானாக ஓடும். நான் வேறு எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன்.

இவர் அப்படிக் கேட்கவில்லை. கூட வந்த ஆட்கள் அத்தனை பேரையும் காம்பவுண்டு வேலிக்கு அப்பால் நிறுத்திவிடுவார். கதவைச் சாத்தமாட்டார். பத்திரத்தை வாசித்துக் காட்ட நான் ஒருவன் மட்டும் உள்ளே இருக்கவேண்டும். வாசித்து முடித்ததும் நடுக்கம் தெரியாமலிருக்க இரண்டு கைகளையும் மேசைமேல் அழுத்தி வைத்துக்கொள்வார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "இது நீங்க சொல்றதா, வேற யாராவது உங்களைச் சொல்ல வைக்கிறதா?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்து வெற்றிலை போடுகிறவர்கள்கூட அந்த மேசைக்கு முன்னால் வியர்த்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆமாங்க என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். சிலருக்குக் கால்மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் ஒன்றும் கேட்காதபோதே நிமிர்ந்து பார்க்க மனம் வராது.

ஒருநாள் மத்தியானம் தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடியே அவர் என்னிடம் ஒரு கணக்குச் சொன்னார். இந்த மேசைக்கு வருகிறவர்கள் எந்த ஜாதி, எந்த ஊர் ஆனாலும் அவர்களோடு நாலு பேர் கூடவே வருகிறார்களாம். ஒருத்தர், பதில் சொல்லுமுன் வேறொருவர் முகத்தைப் பார்க்கிற குழந்தை. ஒருத்தர், தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லி அழுதுகொண்டே இருப்பவர். ஒருத்தர், ஒத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று விலை கேட்பவர். இன்னொருத்தர், நல்லது கைக்கெட்டும் நேரத்தில் எல்லாம் போகட்டும் என்று தட்டிவிடுகிறவர். இந்த நாலு பேரும் பேசி ஓய்ந்த பிறகு ஐந்தாவதாக ஒருத்தர் வாயைத் திறப்பார். அவரிடம்தான் தான் கையெழுத்து வாங்கவேண்டும் என்றார்.

எல்லாருக்குள்ளும் அந்த ஐந்தாவது ஆள் இருப்பாரா என்று கேட்டேன்.

"தெரியலை, ரைட்டரே. எனக்குள்ள அந்த நாலு பேரும் இருக்காங்க. தினம் காலையில ஆபீஸ் படி ஏறும்போது அவங்க சத்தம்தான் கேட்குது."

அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. சந்தைப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவரின் விதவை, படுக்கையில் கிடந்த முதிய அம்மாள், தன் பெயரிலிருந்த வீட்டை மகளுக்கு எழுதிவைக்க விரும்பினார். கச்சேரிக்கு வர முடியாதவர்களிடம் ரிஜிஸ்திராரே நேரில் போய்ப் பதிய வேண்டும். நாங்கள் போனபோது வாசலில் ஒரு நாய் குரைத்துத் தொலைத்தது. ஆண்கள் பார்க்காமலிருக்கக் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவர் கையிலிருந்த காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும். அவர் கேள்வியைத் தொடங்குமுன் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். "ஏந்தம்பி, இப்படி நடுங்குறீங்க? நீங்க உங்க இஷ்டத்தோடதானே வந்தீங்க, இல்ல யாராவது மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?" அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திரும்பி வரும் வழியில், அந்த நாலு பேர் இல்லாமல் தனியாக இருக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார்.

அதற்கு அடுத்த மாதம் பழனியம்மா என்கிற பெண்ணை அவளுடைய அண்ணன்மார் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பன் அவளுக்கென்று கொடுத்திருந்த மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டை அவர்களுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம். எழுதியவன் நான். வழக்கம்போல ஆட்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர் கேட்டார். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குச் சம்மதமில்லை என்றாள். பதிய முடியாது என்று அவர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன்மார் சத்தம் போடவில்லை. தங்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அமைதியாகப் போனார்கள்.

பதினோராம் நாள் அவள் பிணம் கிணற்றில் மிதந்தது. தண்ணீர் எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். ஊரும் அப்படியே சொல்லிக்கொண்டது. நானும் சொன்னேன்.

இரண்டு நாள் அவர் கச்சேரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது முகம் வெளுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இனிமேல் இவரும் மற்றவர்களைப்போல முத்திரை குத்திக்கொண்டே கேட்பார், நமக்கும் பிழைப்பு நிம்மதியாக நடக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு முதலில் வந்தவர் கிணற்றுப் பங்கு விற்கிற ஒரு கிழவர். கைகளை மேசைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு இவர் அதே கேள்வியைக் கேட்டார். குரல் மட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது.

பெண்கள் வந்தால் மட்டும் அதன்பிறகு இன்னொன்றும் சொல்லத் தொடங்கினார். நீங்கள் மாட்டேன் என்றால் நான் பதியமாட்டேன். ஆனால் என் அதிகாரம் இந்த வாசற்படியோடு முடிகிறது. அதற்கப்பால் என்னால் காப்பாற்ற முடியாது. அதையும் நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்பார். எனக்கு அது கொடுமையாகப் பட்டது. கேட்காமல் விட்டிருந்தால் பழனியம்மா உயிரோடு இருப்பாள் இல்லையா என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டே விட்டேன்.

"ஆமா. இருந்திருப்பாங்க. அது எனக்குத் தினமும் தெரியுது" என்றார். பிறகு, "கேட்காமலே பதிஞ்சா, உசிரோட எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளை இல்லைன்னு நான் எழுதின மாதிரி. அதை எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியலை."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம் இருக்கட்டும், ரைட்டரே. அதைத் துரத்த என்னால ஆகாது. பக்கத்துலயே உட்கார்ந்துக்கட்டும். ஆனா பேனாவை மட்டும் அது தொடக்கூடாது."

பாவாயி வந்தது அதற்குப் பிறகு, கோடையில். எங்கள் பக்கத்தில் பெரியபண்ணை என்று ஒரு குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்ட இரண்டாம் வருஷம் தம்பி காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அவன் பங்கு அவன் மனைவி பாவாயிக்கு வந்தது. அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தப் பங்கைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக அவளிடம் கைநாட்டு வாங்க அண்ணனான பண்ணைக்காரரே நேரில் வந்தார். இரண்டு வண்டி நிறைய ஆட்கள். என் கொட்டகையில் வந்து உட்கார்ந்து, பத்திரம் நல்லபடியா எழுதுங்க சாமி என்று மரியாதையாகச் சொன்னார். அவருக்குக் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும்.

வேலிக்கு அப்பால் போகச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அவள் எங்கிருந்து திரும்பிப் பார்த்தாலும் தன்னைப் பார்க்கும்படியாக, வாசலுக்கு நேரே நின்றுகொண்டார்.

நான் பத்திரத்தை வாசித்தேன். ரிஜிஸ்தர் பழனியம்மாவைப் பற்றியும் சொன்னார். பெயர் சொல்லவில்லை; இதே நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண் என்றார். பிறகு கேட்டார். பாவாயி முதலில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மூத்தார் என்ன சொல்கிறாரோ அதுதான் என்றாள். அவர் காத்திருந்தார். அவள் அழுதாள். புருஷன் செத்த மூன்றாம் நாளே வீட்டுச் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டதைச் சொன்னாள். அவர் காத்திருந்தார். கைநாட்டு வைத்தால் சாகிறவரை சோறும் துணியும் கொடுப்பார்களா என்று கேட்டாள். அது இந்தப் பத்திரத்தில் எழுதவில்லையே, அம்மா என்றார். அவள் மையை இழுத்து வைத்துக்கொண்டு, நான் இருந்து என்ன ஆகப்போகிறது, வைத்துவிட்டே போகிறேன் என்று விரலை நீட்டினாள். அவர் பத்திரத்தை அவள் பக்கம் தள்ளவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாலு பேரும் வந்து போய்விட்டார்கள் என்று. ஐந்தாவது ஆள் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

பாவாயி நீட்டிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடக்கிக்கொண்டாள்.

"வெக்கமாட்டனுங்க" என்றாள். "ஊட்டுக்கும் போகமாட்டனுங்க. போனா நானும் கெணத்துலதான் கெடப்பேன். பள்ளிபாளையத்துல என்ற அம்மாவோட பொறந்த மாமன் இருக்கறாருங்க. என்னை அங்க உட்டுடுங்க."

வாசற்படிக்கு அப்பால் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவரேதான் சொல்லியிருந்தார். அவர் எழுந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். முகம் கழுவினார். குடையை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்களும் கூட வந்தா நல்லது, ரைட்டரே. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

கச்சேரியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு இருநூறு அடி இருக்கும். வெயில் கொளுத்துகிற மூன்று மணிக்கு அந்த இருநூறு அடியை அவர் நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவாயி இரண்டடி பின்னால் போனாள். ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கி இருபக்கமும் நின்றார்கள். அவருக்குக் கால் பின்னியது. செருப்பு ஒன்று கழன்றது. குனிந்து எடுக்காமல் ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டே இருந்தார். அடிப்பதற்கு முன்பே அடி வாங்கிவிட்ட முகம் அது. அதைப் பார்த்த பிறகு கை ஓங்க யாருக்கும் மனம் வரவில்லையோ, சர்க்கார் உத்தியோகஸ்தர் என்கிற யோசனையோ, யாரும் தொடவில்லை. பண்ணைக்காரர் மட்டும் திரும்பிக் கச்சேரி ஜன்னலைப் பார்த்தார். நான் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை பண்ணைக்காரர் என் வீட்டுக்கே வந்தார். ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார். ரிஜிஸ்தர் அந்தப் பெண்ணிடம் தனியே பேசி மனதைக் கலைத்து, கெட்ட எண்ணத்தோடு தன்னோடு கூட்டிப்போனதை நான் கண்ணால் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. என் மனைவி கொண்டுவந்த மோரைக் குடித்தார். நாலாபக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, வேலியோரத்துல கடைசி ஊடு உங்களுதுதானுங்களே? பக்கத்துல வேற ஊடு ஒண்ணும் இல்லீங்களாட்ட இருக்குது" என்றார். அவ்வளவுதான். காகிதத்தை வைத்துவிட்டு, வாரனுங்க என்று கும்பிட்டுப் போனார்.

அரைநாள் அந்தக் காகிதம் என் பெட்டிமேல் கிடந்தது. வேண்டாம் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

சேலத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். நான் கூடப் போயிருந்தால் ரிஜிஸ்தருக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். இப்போது நானே எதிர்ச்சாட்சி. என் வாக்குமூலத்தை அதிகாரி உரக்க வாசித்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாவாயியின் தாய்மாமன் பள்ளிபாளையத்திலிருந்து வந்து, பெண் பத்திரமாகத் தன் வீட்டில் வந்து சேர்ந்தாள் என்று சொன்னதால் வேலை போகவில்லை. கடலோரமாக எங்கோ ஓர் ஊருக்கு மாற்றினார்கள்.

சேலம் போய் ரயிலேற அவர் புறப்பட்ட காலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். மிரட்டினார்கள், குழந்தைகுட்டிக்காரன், வேறு வழியில்லை என்று சொல்ல வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

"உங்களைப் பத்தி எழுதிக் கொடுத்துட்டேன், ரைட்டரே. அந்த வாக்குமூலம் உங்களை மிரட்டி வாங்கினது, உங்க சம்மதத்தோட குடுத்தது இல்லைன்னு எழுதியிருக்கேன். உங்க மேல நடவடிக்கை வராது."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சொல்ல வந்ததையேதான் அவர் சொன்னார். ஆனால் அவர் வாயால் கேட்டபோது, அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் நான் என்கிற ஆளே இல்லாமல் போய்விட்டேன் என்று பட்டது. பண்ணைக்காரர் மிரட்டியது உண்மைதான். ஆனால் அவர் போய் அரைநாள் கழித்துப் பேனாவை எடுத்தவன் யார்? பெண்டாட்டி பேச்சைத் தட்டிவிட்டு மையில் தோய்த்தவன் யார்?

"இல்லீங்க அய்யா" என்றேன். "என்ற கையை ஆரும் புடிக்கல. நான்தான் போட்டனுங்க."

மேசைக்கு எதிரே காத்திருப்பாரே, அப்படியே நின்றார். பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றினார்கள். அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் கீழேயே நின்றேன். பிறகு, நானும் சேலம் வாரனுங்க என்று சொல்லி ஏறிவிட்டேன். கையில் துண்டு மட்டும்தான் இருந்தது. அவர் நகர்ந்து இடம் விட்டார்.

வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. பாலத்தின்மேல் பஸ் ஏறியபோது முன்சீட்டுக் கம்பியை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். அவர் பயம் பாலத்துக்கு. என் பயம் சேலத்துக்கு, சேலத்திலிருந்து திரும்பி வருவதற்கு.

மேலதிகாரியிடம் நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தேன். முன்னே கொடுத்தது பொய் என்றும், தெரிந்தே கொடுத்தேன் என்றும் எழுதினேன். அவர் கடுமையாகப் பேசினார். மாற்றல் மாற்றல்தான் என்றார். ஒரு வருஷத்துக்கு நான் கச்சேரிக் காம்பவுண்டுக்குள் உட்காரக்கூடாது என்று உத்தரவு போட்டார். வெளியே வந்தபோது ரிஜிஸ்தர் ரயிலுக்கு நேரமாகியும் போகாமல் வாசலில் நின்றிருந்தார். ஆச்சா என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இருவர் கையும் நடுங்கியதில் எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை. பிறகு அவர் ஜட்கா வண்டியில் ஏறிப் போனார். அதற்குப் பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

பாவாயி மாமன் வீட்டில் தறியில் உட்கார்ந்தாள். அவள் நிலத்தைப் பண்ணைக்காரர்தான் கொஞ்ச காலம் உழுதார், பத்திரமில்லாமல் உழுதார். பிறகு மாமன் ஆள் கட்டிக்கொண்டு வந்து அதைக் குத்தகைக்கு விட்டான்.

நான் சேலத்திலிருந்து திரும்பிய அன்று எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. மறுநாளும் இல்லை. ஒன்பதாம் நாள், பட்டப்பகலில், எங்கள் சோளத்தட்டுப் போர் தீப்பிடித்தது. பண்ணைக்காரரின் ஆட்கள் இருவர் வேலிக்கு அந்தப் பக்கம் மெதுவாக நடந்து போனதை நானும் மனைவியும் பார்த்தோம். குழந்தைகளையும் எருமையையும் வெளியே கொண்டுவந்துவிட்டு, தீ கூரைக்குத் தாவாமல் தண்ணீர் ஊற்றினோம். போர் முழுக்க எரிந்து விழுகிறவரை எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எல்லாரும் சௌக்கியமா, ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டிருந்தார். அங்கே கடல் இரைச்சலில் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். எல்லாரும் சௌக்கியம், மழை வரும்போல இருக்கிறது என்று பதில் போட்டேன். போர் எரிந்ததை எழுதவில்லை. எழுதினால் பயப்படுவார்.